ஒரே ஒரு ஆதரவாளர்

அனஸ்ரேசியாவுக்கு இருப்புக்கொள்ளாமல் போனது 2009இல், ஒரு புதன்கிழமைக் காலையில். தேநீரை ஊற்றி வைத்துவிட்டுக் கணினியைத் திறந்தாள். தமிழ்ப் பெண்பிள்ளைகளின் கரப்பந்தாட்டக் கழகத்துக்கு அவள்தான் செயலாளர். கழகத்தின் பெயருக்குக் கீழே இரண்டே வரிகள்: ஆதரவாளர் ஒருவர். கிடைத்த தொகை நாற்பது குரோனர்.

நல்ல செய்திதானே, இதற்கு ஏன் இருப்புக்கொள்ளாமல் போக வேண்டும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நோர்வே அரசு கெட்டிக்கார அரசு. சூது கெடுதல் என்று சொல்லும். அதைத் தானே நடத்தவும் செய்யும். லொத்தரிலும் கால்பந்துப் பந்தயத்திலும் சனம் விடுகிற காசில் மிஞ்சுவதைக் கொண்டு ஊருக்கு ஊர் விளையாட்டு மண்டபம் கட்டும், பாட்டுக்கும் நாடகத்துக்கும் கொடுக்கும். அந்த ஆண்டு புதிதாக ஒரு வழியும் திறந்துவிட்டது. பந்தயம் கட்டுகிறவர் தனக்குப் பிடித்த ஒரு கழகத்தின் இலக்கத்தைக் கடையில் பதியலாம். அவர் கட்டும் காசில் நூற்றுக்கு ஐந்து வீதம் அந்தக் கழகத்துக்குப் போகும். பெயர் வெளியே வராது. எத்தனை பேர், எவ்வளவு என்பது மட்டும் புதன்தோறும் இணையத்தில் கழகத்துக்குத் தெரியவரும்.

மண்டப வாடகை கட்ட வழியில்லாமல் இருந்த கழகத்துக்கு இது பெரிய விஷயம். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை முடித்து வந்து, நான்கு நாள் படிவத்தோடு மல்லுக்கட்டி நிரப்பி அனுப்பினாள். அங்கீகாரக் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நிர்வாகக் குழு கூடுவதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. சந்தோஷம் தாங்காமல் அவள் வாய் திறந்து அந்த இலக்கத்தைச் சொன்னது ஒரே ஒருவரிடம். கணவன் மார்க்கஸிடம்.

மார்க்கஸ் பேருந்து ஓட்டுபவன். வீடு வாங்கச் சேர்த்த காசு முழுவதையும் கடைத்தொகுதியில் இருந்த சூதாட்ட மெசின்களுக்குள் போட்டுத் தொலைத்தவனும் அவன்தான். 2007 கோடையில் அரசு நாடு முழுக்க அந்த மெசின்களை அகற்றியபோது அனஸ்ரேசியா தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தினாள். அவன் மகள் ஜெனுஷாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அதற்குப் பிறகுதான் அவள் நிம்மதியாகத் தூங்கத் தொடங்கினாள்.

ஐந்து வீதம் நாற்பது என்றால் முழுக்காசு எவ்வளவு? இருபதால் பெருக்கினாள். எண்ணூறு. தேநீர் ஆறிப்போனது.

அடுத்த புதன் மொத்தத் தொகை நூற்றைந்து ஆகியிருந்தது. அதற்கடுத்த புதன் நூற்றறுபது. ஆதரவாளர் மட்டும் அதே ஒருவர். இதற்கிடையில் குழு கூடியபோது அவள் செய்தியைச் சொல்ல, ஊருக்குக் கொடுக்க ஐந்நூறு துண்டுப்பிரசுரமும் அடித்து அவளிடம் கொடுத்தார்கள். 'எப்படியும் விளையாடுகிறீர்கள், எங்கள் இலக்கத்தைப் பதியுங்கள்' என்று அதில் இருந்தது. அதைத் தோள்பையில் சுமந்து திரிந்தாளே தவிர, ஒருவர் கையிலும் கொடுக்க மனம் வரவில்லை. வேலையில் உப்பை இரண்டு தரம் போட்டாள். இறங்க வேண்டிய புருசெத் நிலையத்தைத் தவறவிட்டு, ரயில் கடைசி நிலையத்தில் நின்ற பிறகுதான் விழித்தாள். அவனிடம் கேட்கப் பலமுறை வாயெடுத்தாள். கேட்டால் பதில் வரும். பதில் வந்துவிட்டால் பிறகு என்ன செய்வது? பயந்துபோயிருந்தாள் என்பதுதான் உண்மை.

பன்னிரண்டாம் கிழமை ஞாயிறு மத்தியானம் குழு கூடியது. தலைவர் சிவானந்தன் கொஞ்சம் சூடாகத்தான் இருந்தார்.

"தங்கச்சி, பதினொரு கிழமையா ஒராள்தான் நிக்குது. அந்த நோட்டீசுகளைக் குடுத்தனீங்களோ இல்லையோ?"

பக்கத்தில் இருந்த பொருளாளர் புஷ்பராணி சமாதானம் பேசினாள். "அந்த ஒராள் ஆரெண்டாலும் தங்கமான ஆள், அண்ணை. இப்பிடி இன்னும் பத்துப்பேர் கிடைச்சால் எங்களுக்கு வாடகைப் பிரச்சினையே இல்லை."

"அது என்ரை மனுசன்," என்றாள் அனஸ்ரேசியா.

அவள் பையிலிருந்த பிரசுரக் கட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதுவரைக்கும் அறுநூற்றிப் பதினொண்டு வந்திருக்கு. இருபதாலை பெருக்கிப் பாருங்கோ. அதுதான் என்ரை வீட்டாலை போன காசு. இன்னும் பத்துப்பேரை நான் தேட மாட்டன். வாடகைக்கு வேறை வழி பாப்பம்."

புஷ்பராணி உதட்டுக்குள்ளேயே பெருக்கினாள். பெருக்கி முடித்து, தலையைக் குனிந்துகொண்டாள். சிவானந்தன் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து அனஸ்ரேசியாவின் முன்னால் வைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது மார்க்கஸ் தன் சீருடைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவள் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"கூட்டத்திலை சொல்லிப்போட்டன்."

"எதை?"

"அந்த ஒராள் நீங்கள்தான் எண்டு."

கத்துவான், இல்லையென்று சாதிப்பான் என்று நினைத்து அவள் நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு நின்றாள். அவன் இஸ்திரிப்பெட்டியின் வயரைக் கழற்றினான். கதிரையில் உட்கார்ந்தான்.

"நீ பாப்பாய் எண்டு தெரிஞ்சுதான் அந்த நம்பரைக் கடையிலை குடுத்தனான்," என்றான். "என்ரை வாயாலை சொல்ல ஏலாமல் கிடந்தது. ஒவ்வொரு புதனும் நீ கொம்பியூட்டரை விட்டு எழும்பேக்கை உன்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான், அனா. பதினொரு கிழமை. நீ ஒண்டும் கேக்கேல்லை."