விஜயபாண்டியின் பச்சைச் சில்வண்டு

குரங்கணிக்கு மேலே விஜயபாண்டிக்கு ஏலத்தோட்டம் இருந்தது. அதற்கு அப்பாவின் பெயர். போடியில் மாடி வீடு இருந்தது. வாசலில் தாத்தாவின் பெயர். ஜீப்பின் நெற்றியில் குலதெய்வம். ரேஷன் கார்டிலாவது தான் இருப்போம் என்று எடுத்துப் பார்த்தார். குடும்பத் தலைவர் இடத்தில் மனைவி மகாராணி இருந்தாள். ஐம்பது தாண்டிய மனிதருக்கு, தன் பெயரை ஏதாவது ஒன்று சுமந்தால்தான் நிம்மதி என்றாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மதுரையிலிருந்து முத்துப்பிரியா சில்வண்டு ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தாள். அவள் தேடியது பிளாட்டிப்ளூரா என்ற பேரினம்: அகன்ற தோள், இறக்கையில் மரப்பட்டை நிறத் திட்டுகள். ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள் வேர்ச்சாறு குடித்துக் கிடக்கும். பிறகு மேலே வந்து தோலை உரித்துக்கொண்டு, சில வாரம் கத்திவிட்டுச் சாகும். கத்துவது ஆண் மட்டுமே. அதன் வயிற்றடி மூடியையும் பிறப்புறுப்பையும் பார்த்துத்தான் பெரும்பாலும் இனம் பிரிப்பார்கள். விஜயபாண்டிக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை.

"புதுசா ஒன்னு கெடச்சா யாரு பேரு வேணா வைக்கலாமா ஆத்தா?"

"கண்டுபிடிச்சுக் குடுத்தவங்க பேரையே வைக்கலாம்யா. ஆனா முன்னாடியே யாராச்சும் பேரு வச்சிருந்தா, அதுதான் நிக்கும்."

முதல் வாக்கியம் மட்டும் அவர் காதில் ஏறியது.

கோடை மழை பெய்த மறுநாள் விடியலில், தோட்டத்து நிழல்மரத்தில் அது உட்கார்ந்திருந்தது. பச்சை! மற்றதெல்லாம் பழுப்பாக இருந்து காதைக் கிழிக்க, இது மட்டும் பச்சையாக, மரியாதையாக வாயை மூடிக்கொண்டிருந்தது. ஏலக்காயில் பச்சை என்றால் முதல் தரம். வெளிறினால் வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொள்வான். இந்த வகைப்பாட்டில் ஊறியவருக்கு வேறு வகைப்பாடு எதற்கு? நிறம் போகாமலிருக்க ஏலக்காய்க்குச் செய்வதையே செய்தார். சோடா உப்புத் தண்ணீரில் ஒரு முக்கு. பிறகு காய் உலர்த்தும் அறையில் இளஞ்சூடு. சில்வண்டு செத்தது, பச்சை பிழைத்தது.

புது இனம் கிடைத்துவிட்டதென்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். முத்துப்பிரியா வந்த அன்று வீட்டில் கறிச்சோறு. ஏல வியாபாரியான மச்சான் முத்துக்கண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவள் லென்சை வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஐயா, இது அப்பத்தான் தோலுரிச்சு வெளிய வந்தது. அந்த நேரத்துல பச்சையாத்தான் இருக்கும். விட்டிருந்தா மத்தியானத்துக்குள்ள நெறம் மாறியிருக்கும். உங்க தோட்டத்துல தெனம் கத்துதே, அதேதான்."

"அப்ப நெறம் எப்படிம்மா இம்புட்டுக் கெட்டியா நிக்குது?"

"நீங்கதான நிறுத்தி வச்சிருக்கீங்க. உடம்பெல்லாம் சுருங்கிப்போச்சு. ஆணா பொண்ணான்னுகூட இப்பச் சொல்ல முடியல."

"அந்த அளவுக்கா மாப்ளே காயவச்ச?" என்றார் முத்துக்கண்ணன், வாய் நிறையச் சோற்றோடு.

அடுப்படியிலிருந்து மகாராணி எட்டிப் பார்த்தாள். "அந்தச் சில்வண்டு வாயத் தொறக்குமுன்ன அடக்கிப்புட்டாரு. இந்தா உக்காந்திருக்கே நம்ம வீட்டுச் சில்வண்டு, கல்யாணமான நாள்லருந்து கத்துது. இத எந்த வகையில சேப்பீக?"

அந்த வாரமே ஏலக்கூடத்தில் அவர் 'சில்வண்டுப் பாண்டி' ஆனார். டீக்கடையில் ஆனார். ஜீப்பு ஸ்டாண்டில், லோடு இறக்குகிறவன்கூட, "சில்வண்டண்ணே, வெரசா வாங்க" என்றான். பொறுக்கமுடியாமல் முத்துக்கண்ணனிடம் போய் நின்றார். இப்போது முத்துப்பிரியா சொன்ன அந்த இரண்டாவது வாக்கியம் அவருக்குத் தெளிவாக நினைவிருந்தது.

"எனக்கு முன்னாடியே விஜயபாண்டின்னு பேரு இருக்குல்ல மச்சான்? முன்னாடி வச்ச பேருதான நிக்கணும்? அதான சட்டம்?"

முத்துக்கண்ணன் ஏலக்காயை விரலால் கிளறி நிறம் பார்த்தபடியே சொன்னார்:

"அதெல்லாம் பூச்சிகளுக்கு மாப்ளே."