ஜயசேனவின் பெயரில் ஓடிய பைக்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கதவைத் திறந்தால் ஜெயந்தி நிற்கிறார். கொழும்பு ஜிந்துப்பிட்டியில் இருக்கும் என் சிநேகிதர் முருகையாவின் மனைவி. பஸ் பிடித்து என் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"அண்ணே, அவரப் புடிச்சிட்டாங்க. பைக்கோட."

அது சாதாரண பைக் இல்லை. காடு மேடு ஏறுகிற ட்ரெயில் பைக். முருகையாவுக்கு மலைநாட்டுத் தோட்டங்களில் தண்ணீர் மோட்டார் திருத்துகிற வேலை. கல்லும் சேறுமான அந்தப் பாதைகளுக்கு என்றே, நுகேகொடையில் ஜயசேன என்பவரிடம் இரண்டு வருடத்துக்கு முன் வாங்கினார்.

லைட், சிக்னல், இன்சூரன்ஸ், வருட லைசன்ஸ் – எல்லாம் ஒழுங்கு. ஒன்றைத் தவிர... புக்கை, அதாவது பைக்கின் பதிவுப் புத்தகத்தை, தன் பெயருக்கு மாற்ற ஜயசேன கையெழுத்து வைத்துக் கொடுத்த பத்திரத்தை அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டார். மறதியா? இல்லை. வேண்டுமென்றேதான்.

"புக்குல ஜயசேனன்னே இருக்கட்டும்ணே. செக்பொயின்ட்ல பாத்துட்டு வுட்டுருவாங்க" என்பார்.

நம் தமிழ் ஆட்களில் எத்தனை பேர் இப்படி ஓடுகிறார்கள்? சிங்களப் பெயரில் புக் இருந்தால் தாயத்துக் கட்டிய மாதிரி ஒரு தைரியம்.

கிருலப்பனை செக்பொயின்ட்டில் தாயத்து வேலை செய்யவில்லை. அடையாள அட்டையில் முருகையா. புக்கில் ஜயசேன. பைக்கோ காட்டுக்குள் ஓடக்கூடியது. கேட்கவா வேண்டும்? களவெடுத்ததா, யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று கேள்வி மேல் கேள்வி. சண்டை நடக்கிற இந்த நாட்களில் உள்ளே போன தமிழர் எப்போது வெளியே வருவார் என்று யாரால் சொல்ல முடியும்?

ஜெயந்தியோடு பொலிசுக்குப் போனேன். அதிகாரி சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "பத்திரம் இருக்கிறது என்றால் போதாது. ஜயசேன வந்து, விற்றது உண்மை என்று சொல்லட்டும். இல்லாவிட்டால் ஆளை மேலிடத்துக்கு அனுப்புவோம்" என்றார் சிங்களத்தில்.

ஜயசேன வருவாரா? ஏன் வர வேண்டும்? ஜெயந்தியைக் கூட்டிக்கொண்டு நுகேகொடைக்குப் பஸ் ஏறினேன்.

ஜயசேன ஓய்வுபெற்ற ரயில்வே உத்தியோகத்தர். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளிறிவிட்டது. மனைவி அவரை உள்ளே கூப்பிட்டார். தாழ்ந்த குரலில் கதைத்தார்கள். "போக வேண்டாம்" என்று அந்த அம்மா சொன்னது மட்டும் விளங்கியது. ஜெயந்திக்கும் விளங்கியிருக்கும், சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் ஷேர்ட் மாற்றிக்கொண்டு ஜயசேன வெளியே வந்தார். "போவோம்" என்றார்.

பொலிசில் எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் வைத்தார். பின்னேரம் முருகையாவை விட்டார்கள். வாசலிலேயே ஜயசேனவின் காலைத் தொடக் குனிந்தார் முருகையா. ஜயசேன தோளைப் பிடித்து நிமிர்த்தி, தம்பி என்று சிங்களத்தில் கூப்பிட்டுச் சொன்னார்:

"மல்லி, அந்த பைக்கில் யாராவது குண்டு வைத்திருந்தால் என் வீட்டுக்குத்தான் தேடி வந்திருப்பார்கள். அது தெரியாமல் இரண்டு வருடமாக நித்திரை கொண்டிருக்கிறேன்."

"மாத்தயா, ஐயா..." என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார் முருகையா.

பக்கத்தில் நின்ற எனக்கு வெட்கமாக இருந்தது. நமக்குக் காவல் என்று நினைத்த பெயருக்குள் ஒரு மனிதர் இருக்கிறார், அவருக்கும் வீடு வாசல் இருக்கிறது என்று நாம் யோசிக்கவே இல்லையே. வாகனம் வாங்கினால் உன் பெயருக்கு மாற்று என்று சட்டம் சொல்வது வரிக்காக மட்டும்தான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த கிழமையே அலுமாரியிலிருந்த பத்திரம் வெளியே வந்தது. புக்கில் இப்போது முருகையாவின் பெயர்.

நேற்று அவரைக் கண்டேன். "இப்ப எப்பிடி? மறிக்கிறாங்களோ?" என்று கேட்டேன்.

"முந்தியவிடக் கூடத்தான். ஒரு எடம் விடாம மறிக்கிறாங்க" என்றார். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"ஆனா, இப்ப மாட்டுனா நான் மட்டுந்தாண்ணே."