பூச்சியம் என்று வந்த பதில்

எண்பதுகளில் சம்மாந்துறை அரிசி ஆலையொன்றில், நெல் காயவைக்கும் அறைக்கு ஒரு மைக்ரோகன்ட்ரோலர் பெட்டியைப் பொருத்தினேன். அதில் நான் எழுதிய பங்ஷன், அதாவது ஒரு சிறு நிரல், சூட்டை அளந்து, அந்த எண்ணைத் திருப்பித் தரும். சூடு குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் அடுப்பில் உமி போடும்படி அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் அலியார் காக்காவிடம் (அங்கே மூத்தவரைக் காக்கா என்பார்கள்) சொல்லியிருந்தேன்.

மூன்றாம் நாள் நெல் கருகிப்போனது.

"காக்கா கண்டபடி உமிய அள்ளிப் போட்டிருக்கார்" என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் காக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

போகும்போது காக்கா கேட்டார்: "வெளக்கு எரிஞ்சிச்சி, போட்டன். நீங்கதானே தம்பி அப்படிச் சொன்னீங்க?"

அதன் பிறகுதான் பெட்டியைத் திறந்தேன். சூடு அளக்கும் வயர் அறுந்திருந்தது. அளக்க முடியாதபோது என் பங்ஷன் பூச்சியத்தைத் திருப்பியிருக்கிறது. பூச்சியம் என்றால் குளிர் என்று எடுத்துக்கொண்டு விளக்கு அணையாமல் எரிந்திருக்கிறது.

நேரே முதலாளியிடம் போனேன். "பிழை என்னிலதான். காக்கா வேலைக்கு வராம நான் இந்தப் பெட்டியத் தொடமாட்டன்."

காக்கா வந்தார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பங்ஷனை மாற்றி எழுதினேன். அளக்க முடியாவிட்டால் அதற்கென்று வேறோர் எண் திரும்பும், மணி அடிக்கும்.

"இனித் தெரியாட்டி தெரியாதெண்டு சொல்லுமா?"

"ஓம் காக்கா, சொல்லும்."

பெட்டி சொல்லும். வயரைப் பார்க்காமலே முதலாளிக்குப் பதில் சொன்ன என்னைத்தான் இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.