அம்மா பயந்த சிரிப்புப் படம்

உலகத்தில் எதற்கும் பயப்படாத ஆள் என் அம்மாதான் என்று நான் முடிவு செய்தது, ஒரு பேய்ப் படத்தைப் பார்த்த பிறகுதான். அப்போது நான் நான்காம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டிருந்தார்கள்.

தீபாவளி லோடு போனதும் பட்டாசுக் கம்பெனியைக் கொஞ்ச நாள் மூடிப்போடுவார்கள். மற்ற மாதங்களில் அம்மா விடிந்தும் விடியாமல் கம்பெனி வேனில் ஏறிப்போய், பொழுது சாயும்போது வந்து இறங்குவாள். சாப்பிட்ட கையோடு தூங்கியும் போவாள். அவளைப் பகல் வெளிச்சத்தில் முழுசாகப் பார்க்க எனக்குக் கிடைத்தது டிசம்பர் மட்டும்தான். ஆனால் சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது. விருதுநகர் வற்றல் மண்டியிலிருந்து மூட்டை மூட்டையாக மிளகாய் வந்து இறங்கும். அதற்குக் காம்பு கிள்ளிக் கொடுக்க வேண்டும். அந்த வேலை அடுத்த வீட்டில், அதாவது என் அத்தை வீட்டில் நடக்கும். அப்பாவுக்கு அக்காவான அத்தை, அம்மா, அம்மாவின் தங்கையான சித்தி, மூன்று பேருக்கும் ஒரே கம்பெனி. மூன்று பேருக்கும் நடுவில் ஒரு சுளகு, அதற்கு எதிரே அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த டிவி. தும்மிக்கொண்டே பிள்ளைகளும் அங்கேதான் கிடப்போம்.

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிற வீடு ஒன்றுகூடக் கிடையாது. டிவிக்கு அதெல்லாம் தெரியுமா? அந்த வாரம் முழுக்க மத்தியானம் ஆனால் ஒரு வெள்ளைக்காரப் படம் போட்டார்கள், தமிழ்க் குரல் கொடுத்து. அங்கே ஒரு துரை வாயைத் திறந்தால் மெட்ராஸ் ஆட்டோக்காரர் மாதிரி பேசுவார். எனக்கு அது ஒன்றும் விசித்திரமாகத் தெரியவில்லை. அந்த ஊரில் அப்படித்தான் பேசுவார்கள் போல என்று இருந்துவிட்டேன். என்னை வாய்பிளக்க வைத்தது வேறு. மரம், கூரை, கார், தெரு என்று எல்லாவற்றின் மேலும் வெள்ளையாக ஏதோ கொட்டிக் கிடந்தது. பிள்ளைகள் அதை அள்ளி ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். மருந்தையா இப்படி வாரி இறைக்கிறார்கள் என்று சித்தியிடம் கேட்டேன். எங்கள் வீட்டில் மருந்து என்றால் வெடிமருந்துதான். அவ்வளவும் ஐஸ் என்று சித்தி சொன்னாள். ஊர் முழுக்க ஐஸா என்று நான் நம்பாமலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் போட்டதுதான் பேய்ப் படம். சிவப்புச் சட்டையும் வெள்ளைத் தாடியுமாகப் பரிசு மூட்டை சுமந்து வரவேண்டிய தாத்தா, அதில் மூட்டையோடு கோடரியும் தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டில் விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. மாடிப்படி கிறீச்சென்றது. நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய், சேலைத் தலைப்பைக் கண்ணில் போர்த்திக்கொண்டு, அதன் நூலிடுக்கு வழியாகத்தான் மிச்சத்தைப் பார்த்தேன். அம்மாவோ கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். இம்புட்டுப் பெரிய வீட்டில் ஒரு தாழ்ப்பாள் போட ஆளில்லையா என்று சித்தி கேட்டாள். மூட்டையில் வற்றல் இருந்தால் இங்கே இறக்கிவிட்டுப் போகச் சொல் என்றாள் அத்தை. தாத்தா கோடரியை ஓங்கிய நேரத்தில்கூட அம்மாவின் விரல் காம்பு கிள்ளுவதை நிறுத்தவில்லை. அந்த முதுகில் சாய்ந்திருக்கும்வரை எனக்கு எதுவும் நேராது என்று தோன்றியது. அப்படி ஒரு நிம்மதியை அதற்குப் பிறகு எங்கேயும் நான் அனுபவித்ததில்லை. சாயங்காலமே தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, கோடரிப் பேயைப் பார்த்துச் சிரித்த என் அம்மாவைப் பற்றி அளந்துவிட்டேன்.

அந்த டிசம்பரில் வீட்டில் இன்னொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதுவரை குழல் சுற்றுகிற வேலையில் இருந்தாள். காகிதம், பசை, அவ்வளவுதான். கம்பெனி திறக்கும்போது அவளை மருந்து அறைக்கு வரச்சொல்லி போர்மேன் வீடு தேடி வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார். குழலுக்குள் மருந்து அடைக்கும் இடம் அது. சித்தி ஏற்கனவே அங்கேதான் இருந்தாள். அங்கே கூலி கூடுதல். உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு, ஒழுகுகிற கூரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார் அப்பா. அம்மா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. என்னைக் கேட்டிருந்தால் உடனே போகச் சொல்லியிருப்பேன். சித்தி வேலைவிட்டு வரும்போது புருவமெல்லாம் வெள்ளித் தூள் மின்னும். என் அம்மாவும் அப்படி மின்ன வேண்டும் என்பது என் ஆசை.

மருந்து அறையின் சட்டதிட்டங்களைச் சித்தி கதைபோலச் சொல்லுவாள். நைலான் சேலை கட்டக்கூடாது. உள்ளே போகும் முன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டில் கை வைத்து, உடம்பில் இருக்கும் கரண்டை இறக்கிவிட வேண்டும். நாலு பக்கமும் கதவு இருக்கும். சுர்ரென்று ஒரு சத்தம் கேட்டால் என்ன ஏது என்று திரும்பிப் பார்க்கக்கூடாது, எதையும் எடுக்கக்கூடாது, யார் பின்னாலும் போகக்கூடாது. அவரவருக்குப் பக்கத்தில் எந்தக் கதவோ அதன் வழியாக ஓட வேண்டும்.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு மத்தியானம் சிரிப்புப் படம் போட்டார்கள். ஒரு அப்பா, அம்மா, தாத்தா, மூன்று பிள்ளைகள், ஒரு நாய். அந்த அப்பா சரியான அசடு. காட்டில் போய் ஒரு மரத்தையே வெட்டிக்கொண்டு வந்து நடுவீட்டில் நிறுத்தினார். வீட்டுக்குள் மரம்! எனக்குப் பிடித்துப்போனது. மரம் முழுக்கச் சீரியல் லைட்டைச் சுற்றி, எல்லா ஒயரையும் ஒரே பிளக்கில் சொருகினார். சுவருக்குள்ளேயே அடுப்பு மாதிரி ஒன்று எரிந்தது. அதற்கு மேலே காலுறைகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். கடைசிப் பையன் எரிகிற மெழுகுவர்த்தியைத் தூக்கிக்கொண்டு மரத்தைச் சுற்றி ஓடினான். நானும் அத்தை மகனும் உருண்டு புரண்டு சிரித்தோம்.

சிரிப்பது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. மூன்று பெண்களின் கையும் நின்றுபோயிருந்தது. சம்மணம் போட்டிருந்த காலை எப்போது மாற்றினார்களோ, மூன்று பேரும் குந்தியிருந்தார்கள்.

டிவியில் பிளக் சுர்ரென்றது.

அடுத்த நொடி நான் தெருவில் நின்றேன். அம்மாவின் பிடியில் என் மணிக்கட்டு நசுங்கிக்கொண்டிருந்தது. அத்தையும் வாசல் வழியாகத்தான் வந்திருந்தாள், ஒரு கையில் மிளகாயோடு. பின்கதவு வழியாக ஓடிய சித்தி, அத்தை மகனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பின்வீட்டுக் கோழிகளுக்கு நடுவே நின்றிருக்கிறாள். ஆளில்லாத வீட்டுக்குள் படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யார் யாரோ கெக்கே பிக்கே என்று சிரிக்கிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். பேய்க்குச் சிரித்த என் அம்மா, சிரிப்புப் படத்துக்கு வெளியே ஓடி வந்திருந்தாள். எனக்கு மானமே போய்விட்டது.

அம்மா என் தலையைத் தடவினாள். முகத்தைத் தடவினாள். பின்பக்கமிருந்து சுற்றி வந்த சித்தியைப் பார்த்ததும்தான் மூச்சே விட்டாள். யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. படம் என்பது மூன்று பேருக்குமே தெரியாமலில்லை. காலுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மறுபடி உள்ளே போனபோது சுளகு கவிழ்ந்து வற்றல் வீடெல்லாம் சிதறிக் கிடந்தது. டிவியில் மரம் எரிந்து முடிந்திருந்தது. குச்சி குச்சியாகப் புகைந்த அந்த மரத்தைச் சுற்றி எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். முகமெல்லாம் கரி. அசட்டு அப்பாவின் தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது. மற்றவர்கள் அவரைக் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள்.

அம்மா வற்றலை அள்ளக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"எல்லாரும் இருக்காகளா? நல்லா பாரு பிள்ள."

நான் பார்த்துச் சொன்னேன். அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறாள், தாத்தா சோபா ஓரமாக நிற்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"நாயி?"

நாயும் இருந்தது. வாலில் மட்டும் கொஞ்சம் புகை வந்தது.

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே," என்றாள் அம்மா. அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஊரையே மூடிய ஐஸைப் பார்த்து நான் எப்படி வாய்பிளந்தேனோ, அப்படித்தான் அவள் கரி பூசிய அந்த முகங்களைப் பார்த்தாள். சித்தியும் அத்தையும்கூடப் பக்கத்தில் வந்து நின்றார்கள். அத்தனை தீக்குப் பிறகும் எல்லோரும் முழுசாக இருப்பதும், நின்று சிரிப்பதும் அவர்களுக்கு எந்தப் பேயையும்விடப் பெரிய அதிசயமாக இருந்திருக்க வேண்டும். படம் முடிந்து பெயர்கள் மேலே ஏறி மறைகிறவரை மூன்று பேரும் நின்றபடியே பார்த்தார்கள்.

புது வருஷம் பிறந்து கம்பெனி திறந்தது. அன்று காலையில் அம்மா பெட்டியிலிருந்து பருத்திச் சேலையை எடுத்துக் கட்டினாள். போர்மேனுக்கு அவள் எப்போது பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. மருந்து அறைக்குத்தான் போகிறாள் என்று அந்தச் சேலையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் தெருவில் மானம் போன கோபம் இன்னும் மிச்சம் இருந்தது. டிவியில் தீயைப் பார்த்தே ஓடி வந்த நீ அங்கே எப்படி வேலை பார்ப்பாய் என்று கேட்டேன்.

அம்மா என் சடையைப் பின்னி முடித்துவிட்டுச் சொன்னாள்:

"பயமில்லாதவுகள அங்கன வேலைக்கு வெக்க மாட்டாக, தாயி."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நைலான் சேலை கூடாது என்பது போல இதுவும் கம்பெனிச் சட்டம். பயம் இருக்கிறதா இல்லையா என்று போர்மேன் முதலிலேயே சோதித்துப் பார்த்துவிடுவார். அதில் அம்மா முதல் மார்க் வாங்கித் தேறியதால்தான் வீடு தேடி வந்து கூப்பிட்டிருக்கிறார். போன மானம் திரும்பி வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பிள்ளைகளிடம் அதை அப்போதே ஓடிப்போய்ச் சொன்னேன்.

வேன் வந்தது. சித்திக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக அம்மா உட்கார்ந்தாள். மற்ற நாட்களில் ஏறியதுமே கண்ணை மூடித் தூங்கிவிடுகிறவள், அன்று தூங்கவில்லை. என்னையே பார்த்தாள். வண்டி விஸ்வநத்தம் ரோட்டில் திரும்பி மறைகிறவரை தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். புது வேலை கிடைத்த பெருமையில்தான் அப்படிப் பார்க்கிறாள் என்று நினைத்து, நானும் சிரித்துக்கொண்டே வெகுநேரம் கையாட்டினேன்.