அமாவாசைக்கு வந்த மான்

பஸ்ஸின் வெக்கையில் வாடத் தொடங்கிய அகத்திக்கீரைக்கு ஒரு கசப்பு வாடை உண்டு. அம்மாவின் மடியிலிருந்த வயர்கூடையிலிருந்து அது எழும்பி என் பாவாடையிலும் ஏறிக்கொள்ள, நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் அப்பா மஞ்சள்காமாலையில் செத்துப்போனார். திதி கொடுக்க எனக்கு அண்ணனோ தம்பியோ கிடையாது. சித்தப்பா ஒரே ஒரு முறை குறுக்குத்துறை ஆற்றங்கரையில் கொடுத்துவிட்டு, அப்புறம் 'சோலி கெடக்கு' என்று ஒதுங்கிக்கொண்டார். நானும் அம்மாவுமாக மிஞ்சிய வீட்டில், அமாவாசைதோறும் பசுமாட்டுக்கு ஒரு கட்டு அகத்திக்கீரை கொடுப்பதுதான் அம்மாவால் அப்பாவுக்குச் செய்ய முடிந்த ஒரே காரியம்.

நாங்கள் இருந்தது திருநெல்வேலிக்கு வடக்கே புதிதாக மனை பிரித்த பகுதி. பாலே பாக்கெட்டில்தான் வரும், மாட்டுக்கு எங்கே போக? ஒரு அமாவாசையன்று தேடி அலுத்து, கால் வலிக்கிறதென்று நான் அழ, என்னைச் சமாதானப்படுத்த அம்மா மதுரை ரோட்டோரம் வேலி போட்டு வைத்திருந்த சின்னச் சரணாலயத்துக்குக் கூட்டிப் போனாள். எங்கள் தெருவில் அதற்கு 'மான்காடு' என்று பெயர். முள் அடர்ந்த உடைமரமும் பாறையுமாகக் கிடந்த அந்த இடத்தில் ஒரு புள்ளிமான் நேராக வேலிக்கு வந்து, கம்பிக்கு இடையே மூக்கை நீட்டி, கூடையிலிருந்த கீரையை இழுத்துத் தின்றது. "அவியதான் வந்திருக்காவ" என்றாள் அம்மா. உயிரோடு இருந்தவரை அகத்திக்கீரையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிய மனிதர் அப்பா. செத்த பிறகு நாக்கு திருந்திவிட்டது போலும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

அதன் பிறகு அமாவாசை என்றால் மான்காடுதான். பஸ்ஸை விட்டு இறங்கி, வேலியோரம் நின்று, "வாங்க... வாங்க..." என்று தணிந்த குரலில் கூப்பிடுவாள். மானை இவ்வளவு மரியாதையாக அழைத்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அதுவும் வரும். அப்பா போனதிலிருந்து பாதி நாள் பட்டினியாகப் படுத்துக் கிடந்தவள், அது கீரையை மெல்லும் சத்தத்தைக் கேட்ட அன்று மட்டும் வயிறாரச் சாப்பிடுவாள். அங்கே காவலுக்கு இருந்தவர், "எக்கா, இங்கன வச்சுப் பழக்காதிய. வேலி அங்கங்க பிஞ்சு கெடக்கு, ரோட்டுக்கு வந்துரும்" என்று சொல்லத்தான் செய்தார். அம்மா தலையை ஆட்டிவிட்டு அடுத்த அமாவாசைக்கும் போனாள். 'அது என் புருஷன்' என்று அவரிடம் எப்படிச் சொல்வாள்?

தை அமாவாசை காலையில் நாங்கள் இறங்கும்போது ரோட்டில் கூட்டம். வேலியின் கிழிசல் வழியாக வெளியே வந்த மானை ஏதோ வண்டி அடித்துப் போட்டிருந்தது. கண் திறந்தபடியே இருந்தது. "பஸ்ஸு வந்து நின்னாலே போதும்க்கா, நீங்கதான்னு நெனச்சு ஓடியாருது" என்றார் காவல்காரர். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் வாய்விட்டு அழாத அம்மா, "நான் வாங்கன்னு கூப்பிட்டதுக்குத்தானே வந்தாவ" என்று ரோட்டில் உட்கார்ந்து கத்தினாள். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, பயத்தில் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது மான்காட்டைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் கம்பிவலை. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு மானும் தெரிவதில்லை. அம்மா அமாவாசையை விட்டுவிட்டாள், அதோடு அந்த ஒரு சொல்லையும் விட்டுவிட்டாள். 'வீடேறி வந்தவங்கள வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல' என்று கோபித்துக்கொண்டு சொந்தக்காரர்கள் வருவதை நிறுத்தினார்கள்; என்னைப் பெண்பார்க்க வந்தவர்களைக்கூட அத்தைதான் முந்திக்கொண்டு அழைத்தாள். கோயம்புத்தூரிலிருந்து நான் கைக்குழந்தையோடு ஊருக்குப் போய் இறங்கினால், அம்மா கதவைத் திறந்து, எங்களைப் பார்த்துக் கண் கலங்கி, ஒன்றும் சொல்லாமல் வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறாள்.