எஞ்சினைக் கழற்றாமல் போட்ட ஹெடர்

"எஞ்சினை வெளியே எடுக்காமல் ஹெடர் போடவே முடியாது" என்று போன கிழமை இந்த மின்னஞ்சல் குழுவில் எழுதிய அண்ணைமாரே, இன்று போட்டுவிட்டேன்.

என்னுடைய அறுபத்தொன்பதாம் ஆண்டு வி-எட்டுக் காருக்கு, எஞ்சின் புகையை வெளியேற்றும் புதுக் குழாய்த் தொகுதி. கனடாவில், அஜக்ஸ் நகரில், என் வீட்டு கராஜில்.

பக்கத்து வீட்டு மெக்கானிக் அண்ணை எட்டிப் பார்த்து, "பிள்ளை, உந்தப் புதுக் குழாய் ஸ்டியரிங் கம்பியில இடிக்கும். விடுங்கோ" என்றார்.

"இடிக்காது அண்ணை. நிண்டு பாருங்கோ."

எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகளைக் கழற்றி, ஜாக்கால் இரண்டு அங்குலம் தூக்கி, கீழேயிருந்து ஹெடர்களை நுழைத்தேன். இரண்டு பக்கத்துக் குழாய்களும் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தன.

ஸ்டார்ட் செய்தேன். தெருவே திரும்பிப் பார்க்கிற உறுமல்! கூடவே குழாய்களிலிருந்து குபுகுபுவென்று புகை.

"ஐயோ, நெருப்பு! நிப்பாட்டுங்கோ!" என்று அண்ணை வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார்.

நெருப்பில்லை. புதுச் சாமான் என்று என் மாமி காலையிலேயே குழாய் குழாயாகச் சந்தனம் அப்பி, பொட்டும் வைத்திருக்கிறார். அதைத் துடைக்காமல் மாட்டிவிட்டேன்; சூட்டில் கருகி, கராஜ் முழுக்கக் கோயில் வாசம்.

புகை அடங்கியதும் அண்ணை வாளியை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "பிள்ளை, என்ர காருக்கும் ஒரு செற் போட்டுத் தருவீங்களோ?"

குழுவில் இன்னும் யாராவது எஞ்சினைக் கழற்றப் போகிறீர்களா?