அணைத்தும் நிற்காத ரோபோ

பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள், நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் நடக்கும் போட்டிக்காக ஒன்றரை கிலோ எடையில் ஒரு ரோபோ செய்யத் தொடங்கினாள். கூண்டுக்குள் இரண்டு ரோபோக்களை மோத விடுவார்களாம்; அசைவற்றுப் போவது தோற்றதாம். வணிகவியல் படித்த எனக்கு ஸ்க்ரூ முடுக்குவதும், பிடித்துக்கொண்டு நிற்பதும், பயப்படுவதும் வேலை.

எங்கள் ரோபோவின் ஆயுதம் முன்னால் சுழலும் ஓர் இரும்புப் பட்டை. அதில் துளை போட, பக்கத்து ஊரான புதுக்கடையில் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம்.

"இது எதுக்காக்கும் சாரே? தேங்கா உரிக்கவா?" என்றார் பட்டறைக்காரர்.

"சண்டைக்கு," என்றாள் மகள்.

"ஆருகூட?"

"இன்னொரு ரோபோகூட."

"ரெண்டுக்கும் என்ன, வரப்புத் தகராறா?"

கேலி செய்தாலும், பட்டையை ஆணியில் தொங்கவிட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, கனமான முனையை உரசிச் சமனாக்கிக் கொடுத்தார். நானும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துண்டு இரும்பு அவ்வளவு சுவாரசியமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், வீட்டின் முன் தகரக் கூரைக்குக் கீழே, பழைய கதவுப் பலகையால் நான் செய்த பெட்டிக்குள் அதை ஓடவிட்டோம். மூடியை மூடிவிட்டு, ரிமோட்டை நான் வைத்துக்கொண்டேன். பட்டை உள்ளே சீறிக்கொண்டிருக்கும்போது இடி முழங்கியது.

"எல்லாத்தயும் அணைங்க! அப்பனுக்கும் மகளுக்கும் வேற சோலி இல்ல!" என்று உள்ளேயிருந்து மனைவி சத்தம் போட்டாள்.

எங்கள் ஊரில் இடி கேட்டால் கை தானாக சுவிட்சுக்குப் போகும். முன்பு ஒருமுறை கிணற்றடித் தென்னையில் விழுந்த இடி எங்கள் டிவியையும் தண்ணீர் மோட்டாரையும் சேர்த்துக் கொண்டுபோயிருந்தது. அந்தப் பழக்கத்தில் ரிமோட்டை அணைத்தேன்.

"அணைச்சாச்சு மக்ளே. எடுத்து உள்ள கொண்டு வா."

தகரத்தில் மழை அறைந்தது. வேறெதுவும் கேட்கவில்லை. என் பேச்சை நம்பி அவள் மூடியைத் தூக்கினாள்.

உள்ளே பட்டை சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ரோபோ துள்ளி மூடியின் ஓரத்தைக் கடித்தது. தெறித்த மரச்சில்லு அவள் இடது புருவத்தைக் கிழித்தது. மூடியைக் கீழே போட்டுவிட்டு, "ரிமோட்ட ஆன் பண்ணுங்கப்பா!" என்று கத்தினாள். பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்து நான் மரம்போல நின்றேன். அவளே பிடுங்கி ஆன் செய்து விசையை இறக்கினாள். பெட்டி அடங்கியது.

மூன்று தையல். ஒரு விரல் அகலம் கீழே பட்டிருந்தால் கண். இப்போதும் எந்த மூடி திறக்கும் சத்தம் கேட்டாலும் திரும்பி அவள் முகத்தைப் பார்க்கிறேன்.

போட்டி கிடையாது என்று சொல்லிவிட்டேன். இரும்புப் பட்டையை யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்தேன். அவள் அழவில்லை. மறுநாள் தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்: "அணைச்சா ஓடுச்சு, போட்டா நின்னுச்சு. ஏன்பா?"

"சாப்பிடு."

அந்தக் கேள்வி என்னோடு அலுவலகத்துக்கு வந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை நானே போய்க் கேட்டேன்: "ஏன் மக்ளே?"

அவள் அதற்குள் கண்டுபிடித்திருந்தாள். ரிமோட் ஓயாமல் ரோபோவோடு பேசிக்கொண்டிருக்கிறது. பேச்சு நின்றுபோனால் என்ன செய்வது என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். நாங்கள் சொல்லவில்லை. கடைசியாகக் கேட்ட 'சுற்று' என்பதையே அது பிடித்துக்கொண்டிருந்தது. ரிமோட்டைத் திரும்பப் போட்டு அவள் விசையை இறக்கிய பிறகுதான் 'நில்' என்பது அதன் காதில் விழுந்தது.

"அப்ப எத முதல்ல அணைக்கணும்?"

"பட்டைய நிறுத்திட்டு ரோபோவ. ரிமோட் கடைசியிலயாக்கும்."

அவள் அந்தக் குறையைச் சரிசெய்தாள். பட்டை இல்லாத மோட்டாரில் ஒரு காகிதத் துண்டை ஒட்டினோம். அது சுழலும்போது வேண்டுமென்றே ரிமோட்டை அணைத்தேன். காகிதம் நின்றது.

"இன்னொருக்க," என்றேன். நின்றது. "இன்னொருக்க."

"எத்தன தடவப்பா? இப்பிடி பயந்து பேடிச்சிட்டே இருந்தா போட்டிக்குப் போனாப்லதான். பட்டை எங்க?"

அடுக்களைக்குப் போய் அரிசி டிரம்முக்குள் முழங்கைவரை கையை விட்டேன். மனைவி பார்த்துவிட்டாள்.

"இரும்பு எதுக்கு இதுக்குள்ள? வண்டு வராம இருக்கவா?"

மகள் சிரித்தாள்; தையல் இழுக்க, "ஆ" என்று புருவத்தைப் பிடித்துக்கொண்டாள். பட்டையை அவளிடம் கொடுத்தேன்.

"மூடிய மட்டும் நான்தான் திறப்பேன், கேட்டியா?"